முதுகைக் காட்டிச் சொன்ன வசனம்

ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க சார். எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி, டி.வி. நேரா தெரியும். கிளாம்பாக்கம் தாண்டினா வெளியில பாக்க என்ன இருக்கு, ஒரே வெயில்.

பேசாதீங்க, பேசாதீங்க. ஏறினதிலேர்ந்து பாக்கறேன், பனங்கற்கண்டும் மிளகும் வாயில போட்டு அடக்கிக்கிட்டே வர்றீங்க. இந்த வெயில்ல கழுத்துக்கு மஃப்ளர் வேற. தொண்டை கட்டிக்கிச்சா? என்ன வேலை பாக்கறீங்க? ஏலமா? காய்கறி மார்க்கெட்ல ஏலம் விடறவரா! அப்ப கட்டத்தான் செய்யும். ஊருக்குப் போயி நாலு நாள் ஓய்வாக்கும். எங்க இறங்கணும், சேத்தியாத்தோப்பா? சரியாப் போச்சு, அதுக்குள்ள அந்த சீன் வந்துடும். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க. நான் பேசறேன். எனக்குப் பேசறது ஒரு வியாதி.

இந்தப் படம் பாத்திருக்கீங்களா? 'கல்யாணி லாரி சர்வீஸ்'. கண்டக்டர் போட்ட படம்னு நினைக்காதீங்க. பென்டிரைவ் என்னோடது. மாசம் ஒரு தடவை கும்பகோணத்துக்குப் பொண்ணு வீட்டுக்கு இதே பஸ்லதான் போறேன். கண்டக்டர் முதல்ல முறைச்சாரு, இப்ப நான் ஏறினதும் அவரே கைய நீட்டிடறாரு.

உங்களால எனக்கு ஒரு உதவி ஆகணும் சார். பண்ருட்டி தாண்டினதும் கல்யாணி ஒரு வசனம் சொல்வா. ஒண்ணே ஒண்ணு. அதைக் காது குடுத்துக் கேட்டுட்டு, கோபத்துல சொன்னாளா, பாசத்துல சொன்னாளான்னு எனக்குச் சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம். ஏன்னு பாக்கறீங்களா? அந்தக் குரல் என் சம்சாரத்தோட குரல். அவ போயி ரெண்டு வருஷம் ஆச்சு.

இல்ல இல்ல, நடிக்கறது அவ இல்ல. அது வடக்கத்திப் பொண்ணு. குரல் மட்டும் இவ. பேரு மங்கையர்க்கரசி, நான் அரசின்னு கூப்பிடுவேன். சாலிகிராமத்துல இருபத்தஞ்சு வருஷமா டப்பிங். பெரிய ஆளெல்லாம் கிடையாது. சீரியல்ல மாமியார், விளம்பரத்துல பக்கத்து வீட்டம்மா, சினிமாவுல கூட்டத்துல நாலு பொம்பளைங்க 'ஐயோ ஐயோ'ன்னு கத்தினா அதுல ஒரு ஐயோ. அதுதான் அவ வேலை.

என் வேலையா? ஒரு காலேஜ் லைப்ரரியில இருந்தேன். அது சோத்துக்கு. உண்மையான வேலை படம் அலசறது. யூட்யூப்ல 'திரைக்கு இந்தப் பக்கம்'னு ஒரு சேனல். பரஞ்சோதின்னு போட்டா வரும். விமர்சனம்னு சொல்லாதீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும். விமர்சனம் யாரு வேணா பண்ணலாம். நான் பண்றது அலசல். கதாபாத்திரம் ஏன் இந்தப் புடவையைக் கட்டுது, கேமரா ஏன் இங்க நிக்குது, வாசல்ல செருப்பு ஏன் ஒத்தையா கிடக்குது, எல்லாத்துக்கும் காரணம் சொல்வேன். காரணம் இல்லாம சினிமாவுல ஒரு டம்ளர் கூட நகராது சார்.

இப்ப பாருங்க, பாருங்க, இந்த சீன். புருஷன் லாரி எடுத்துக்கிட்டுப் போறான். அவன் மூஞ்சி நேரா தெரியுதா? தெரியாது. சைடு கண்ணாடியிலதான் தெரியும். முக்கால்வாசிப் படம் அவனைக் கண்ணாடியிலதான் காட்டுவாங்க. ஏன்? அவன் அவளை விட்டுப் போயிக்கிட்டே இருக்கறவன். இதைக் கண்டுபிடிச்சு முதல்ல சொன்னவன் நான். டைரக்டரே ஒரு பேட்டியில, "அப்படியா, நாங்க அதை யோசிக்கலையே"ன்னாரு. அவரு யோசிக்கலைன்னா என்ன, இருக்கு இல்ல?

கதை இதுதான். அவன் போறான், வரலை. நாலு வருஷம். கல்யாணி தானே லாரியைப் பிடிச்சு ஓட்டறா, கம்பெனி நடத்தறா. இடைவேளை வரைக்கும் அவ ஒரு வாய் சாப்பிட்டு நீங்க பாக்க மாட்டீங்க. எல்லாருக்கும் பரிமாறுவா, தான் சாப்பிட மாட்டா. படத்தோட உயிர் காத்திருக்கறதுதான், லாரி எல்லாம் சும்மா. நான் நாப்பத்திரண்டு நிமிஷம் பேசினேன் இதைப் பத்தி. ரெண்டு லட்சம் பேரு பாத்தாங்க, என் சேனல்ல அதுவரைக்கும் எதுவும் அப்படி ஓடினதில்ல. அந்த வீடியோதான் சார் என் வீட்டைச் சாப்பிட்டுடுச்சு.

எப்படின்னு சொல்றேன். படம் வந்தப்போ, 'கதாநாயகி சொந்தக் குரல்ல பேசியிருக்காங்க'ன்னு பெருசா விளம்பரம் பண்ணாங்க. பொய். அந்தப் பொண்ணு பேசினது தமிழே இல்லையாம். அரசியைக் கூப்பிட்டு, பேரு போட மாட்டோம், வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு பேச வெச்சிருக்காங்க. முப்பது வயசுப் பொண்ணுக்கு அம்பத்தி மூணு வயசுக் குரல். சுருதியை ஏத்திப் பேசியிருக்கா, பாவி. வாழ்க்கையில முதல் தடவையா கதாநாயகி. என்கிட்ட சொல்லலை. உங்க வீட்டுக்காரர் சேனல் வெச்சிருக்கார், அவருகிட்ட கண்டிப்பா சொல்லக் கூடாதுன்னு தனியா வேற சொன்னாங்களாம்.

நான் என்ன பண்ணேன்? தீபாவளிக்குப் படம் பாத்துட்டு வந்து ரெக்கார்டிங்ல உக்காந்தேன். நான் ரெக்கார்டிங்ல உக்காந்தா வீட்ல மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது, மின்விசிறி கூடக் கிடையாது. அவ அடுப்படியில பேசாம உக்காந்திருப்பா. 'வடக்கேர்ந்து வந்த பொண்ணு, தமிழ்ப் பெண்ணோட மூச்சைப் பிடிச்சிருக்கா'ன்னு பத்து நிமிஷம் அந்தக் குரலைத் தூக்கி வெச்சுக் கொண்டாடினேன். கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து அவ கேட்டுக்கிட்டிருக்கா சார். இருபத்தொம்பது வருஷம் என்கூடப் பேசின குரல் எனக்கு அடையாளம் தெரியலை.

அதோட விட்டிருந்தா பரவாயில்ல. அந்த வசனத்துக்கு வந்தேன்.

புருஷன் நாலு வருஷம் கழிச்சுத் திரும்பி வர்றான். வாசல்ல நிக்கறான், நிழல் வந்து அடுப்பு மேல விழுது. அவ திரும்பிப் பாக்க மாட்டா. முதுகைக் காட்டிக்கிட்டே, "கைகால் கழுவிட்டு வாங்க. சோறு ஆறிடும்"னு சொல்வா. அவ்வளவுதான். நான் கிழி கிழின்னு கிழிச்சேன். மௌனத்தை நம்பத் தெரியாத டைரக்டர்னேன். நாலு வருஷம் கழிச்சு வந்தவன்கிட்ட எந்த வீட்ல பொண்டாட்டி இப்படிப் பேசுவா, எழுதினவருக்குக் கல்யாணமே ஆகலை போலிருக்குன்னேன். 'சோறு'ங்கறதுக்கு முன்னாடி தொண்டைக்குள்ள ஒரு முழுங்கல் வரும். அதைத் திருப்பித் திருப்பி மூணு தடவை போட்டுக் காட்டினேன். 'அழுகையை வரவழைக்க ஒரு மலிவான உத்தி, நாடக மேடைப் பழக்கம்'னேன். கீழ சிரிப்பு பொம்மையாப் போட்டுத் தள்ளினாங்க ஜனங்க.

பாதி ரெக்கார்டிங்ல அவ எழுந்து வெளியில போயிட்டா. வீடியோவுல இருக்கு சார், முப்பத்தோராவது நிமிஷம், கதவு திறக்கற சத்தம். போயி மொட்டை மாடிப் படிக்கட்டுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. கீழ் வீட்டு அம்மா மறுநாள் கேட்டாங்க, "அக்கா ஏன் படியில உக்காந்து அப்படி இருமுறாங்க"ன்னு. அழுததை இருமல்னு சொல்லி மறைச்சிருக்கான்னு இப்பப் புரியுது. அன்னைக்கு நான், ரெக்கார்டிங் கெட்டுப் போச்சேன்னு சத்தம் போட்டேன்.

அதுக்கப்புறம் அவ பேச்சைக் குறைச்சுட்டா. டப்பிங்குக்குக் கூப்பிட்டா தலையாட்டி முடியாதுன்னுடுவா. என்னைக் கூப்பிடணும்னா வாயால கூப்பிடறதில்ல, டம்ளரைக் கரண்டியால ரெண்டு தட்டு. 'என் குரலை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தினே இல்ல, இனிமே அது உனக்குக் கிடையாது'ன்னு சொல்லாம சொல்றா. சாப்பாட்டை எடுத்துக்குங்க. இட்லி, தோசை, காரக்குழம்பு எல்லாத்தையும் விட்டுட்டா. சோத்தை மிக்ஸியில அடிச்சு, மோர் ஊத்தி, அதையும் அரை டம்ளர். காப்பியை ஆற வெச்சுத்தான் குடிப்பா. கல்யாணி சாப்பிடாம இருந்தா பாத்தீங்களா, அதே எதிர்ப்பு. புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுத்திப் போட்டுக்க ஆரம்பிச்சா. குரலை மூடி வெச்சுட்டேன்னு அர்த்தம். நான் இவ்வளவு படம் அலசினவன், என் வீட்ல நடந்ததை எனக்கு அலசத் தெரியாதா? ஆனா அப்ப தெரியலை. அந்தக் குரல் அவளோடதுன்னு தெரிஞ்சாதானே, அவ கோபத்தோட காரணம் தெரியும்?

தை மாசம் பொண்ணு பூங்கோதை வந்தா. அம்மாவைப் பாத்ததும் கத்தி ஊரைக் கூட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனா. தொண்டையில கட்டி. டாக்டர், "எத்தனை மாசமா இருக்கு?"ன்னு கேட்டாரு. அரசி என்னைப் பாத்தா, அப்புறம் டாக்டரைப் பாத்தா. "தீபாவளிக்கு அப்புறம்தான் டாக்டர்"னா. டாக்டர் நம்பலை போல, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா"ன்னாரு. "தீபாவளிக்கு அப்புறம்தான்"னு மறுபடியும் சொன்னா. கத்தி வெச்சு எடுக்கற நிலைமையெல்லாம் தாண்டிடுச்சு. ஆவணியில போயிட்டா.

பதினாறாம் நாள் சவுண்ட் இன்ஜினியர் ஆரோக்கியதாஸ்னு ஒருத்தர் வந்தாரு. அவருதான் உடைச்சாரு, கல்யாணிக்குப் பேசினது அக்காதான்னு. ஆடி மாசம் பேசினாங்களாம், மூணே நாள்ல. அந்த வசனம் ஸ்கிரிப்ட்லயே கிடையாதாம் சார். நடிகை முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறா, உதடு தெரியாது, அங்க என்ன வேணா பேசலாம். டைரக்டர், "ரொம்ப வெறுமையா இருக்கேம்மா, உங்க வீட்ல சாயந்தரம் அவரு வந்ததும் என்ன சொல்வீங்களோ அதைச் சொல்லுங்க"ன்னு சொல்லியிருக்காரு. இவ சொல்லியிருக்கா.

இருபத்தொம்பது வருஷமா எனக்குச் சொன்னதைச் சொல்லியிருக்கா. லைப்ரரியிலேர்ந்து வந்து செருப்பைக் கழட்டறப்ப அவ அதைத்தான் சொல்வா. எந்த வீட்ல பொண்டாட்டி இப்படிப் பேசுவான்னு நான் ரெண்டு லட்சம் பேருகிட்ட கேட்டேன்.

தீபாவளியில நான் பேசினேன், தீபாவளிக்கு அப்புறம் அவளுக்குத் தொண்டையில வந்துச்சு. அவளே டாக்டர்கிட்ட தேதி சொன்னா, என்னைப் பாத்துக்கிட்டே சொன்னா. பூங்கோதை, "அப்பா, பேச்சால கட்டி வருமாப்பா, உளறாதீங்க"ங்கறா. வரும். எனக்குத் தெரியும். அவளை என் வாய்தான் கொன்னுச்சு. இதை நான் யாருகிட்டயும் மறைக்கறதில்ல, இந்த பஸ்லயே நாலு பேருகிட்ட சொல்லியிருக்கேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். அந்த வசனத்தைப் பேசறப்ப, எனக்குச் சொல்றதா நினைச்சுத்தானே பேசியிருப்பா? அப்ப அவ மனசுல என்ன இருந்துச்சு? முந்நூறு தடவைக்கு மேல கேட்டுட்டேன். ஒரு நாள் பாசமாத் தெரியுது, ஒரு நாள் வெறுப்பாத் தெரியுது. எனக்குக் காது கெட்டுப் போச்சு. அதான் புதுக் காதா தேடறேன்.

விக்கிரவாண்டி போயிடுச்சா? இன்னும் கொஞ்சம் இருக்கு.

பயமா இருக்கு சார், உண்மையச் சொன்னா. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல டி.வி.யில இந்தப் படத்தைப் போட்டுடறாங்க. நான் வெக்கறதில்ல, எதிர் வீட்ல வெப்பாங்க. போன மாசம் சாப்பிடாம படுத்துக் கிடந்தேன். எதிர் வீட்டுலேர்ந்து, "கைகால் கழுவிட்டு வாங்க. சோறு ஆறிடும்." எழுந்து போயிட்டேன் சார். குழாயைத் திறந்து, கைய கழுவி, காலைக் கழுவி, துண்டுல துடைச்சுக்கிட்டு அடுப்படிக்கு வந்து நிக்கறேன். அடுப்பு மேல ஒண்ணும் இல்ல. கால்லேர்ந்து தண்ணி சொட்டுது. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா வீட்ல இருக்கறதில்ல, எங்கயாவது பஸ் ஏறிடறேன்.

பலாப்பழ வாசனை வருதே, பண்ருட்டி வந்துட்டோம். கண்டக்டர் சார்! கொஞ்சம் சத்தம் வைங்க! ...தாங்க்ஸ்.

இதோ, லாரி ஷெட். இதோ அவன் வர்றான் பாருங்க, இப்பத்தான் முதல் தடவையா நேரா மூஞ்சியைக் காட்டறாங்க. பேசாதீங்க. நிழல் விழுது. கேளுங்க, இப்ப, இப்ப...

...

கேட்டீங்களா?

சொல்லுங்க சார். கோபமா, பாசமா? தயங்காதீங்க, எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன். மெதுவா சொன்னாப் போதும், காதைக் கிட்டக்க கொண்டு வர்றேன்.

என்ன?

'எச்சி முழுங்க முடியல அந்தம்மாவுக்கு.'

இல்ல சார், நீங்க சரியாக் கேக்கலை. அது ஒரு நிறுத்தம். அடுத்த வார்த்தைக்கு எடை கூட்டறதுக்காக நடிக்கறவங்க பண்றது. உத்தி அது. நான் மூணு தடவை போட்டுக் காட்டினேனே... உங்களுக்கும் அப்படித்தான் இருக்கா? 'சோ'ன்னு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள குத்துமா? அதுக்காகத்தான் கற்கண்டா?

இல்ல. இது ஆடி மாசம் பேசினது. அவளுக்கு வந்தது தீபாவளிக்கு அப்புறம். அவளே சொன்னா, டாக்டர்கிட்ட, ரெண்டு தடவை சொன்னா. என்னைப் பாத்துட்டுச் சொன்னா.

என்னைப் பாத்துட்டுத்தான் சொன்னா.

ஆடி... இருங்க. ஆடியில ஒரு சாயந்தரம் வந்து பக்கத்துல நின்னா. நான் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு எடிட்டிங் பண்ணிக்கிட்டிருந்தேன். ஏதோ சொன்னா. கழுத்தைத் தொட்டுக் காட்டினா. புதுச் செயினான்னு நினைச்சேன். ஒரு விரலைக் காட்டினேன், ஒரு நிமிஷம் இருன்னு. அவ நின்னா. ஒரு நிமிஷத்துக்கு மேலயே நின்னிருப்பா. அப்புறம் நான் திரும்பிப் பாத்தப்ப இல்ல. நானும் போயி என்னன்னு கேக்கலை.

படியில அவ அழலை சார். இருமினா. நான் ரெக்கார்டிங்ல இருந்தேன், வீட்ல இருமக் கூடாது, அதான் வெளியில போயிருக்கா. சோத்தை மிக்ஸியில அடிச்சது, காப்பியை ஆற வெச்சது, டம்ளரைத் தட்டினது... நான் அதுக்கெல்லாம் பேரு வெச்சேனே. எதிர்ப்புன்னேன். ரெண்டு வருஷமா ஊர் ஊராப் போயி, என் பேச்சால செத்தான்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். என் பேச்சுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவளுக்கு வலிச்சிருக்கு. அவ்வளவுதான். ஆடியிலேயே வலிச்சிருக்கு. தமிழ்நாடே கேக்கற மாதிரி ஒரு படத்துல பதிஞ்சு வெச்சிருக்கா, அதை நான் மூணு தடவை திருப்பிப் போட்டு, மலிவான உத்தின்னு சொன்னேன்.

கண்டக்டர் சார், அதை நிறுத்திடுங்க. இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நிறுத்திடுங்க, போதும். பென்டிரைவை அப்புறம் வாங்கிக்கறேன்.

நீங்க எழுந்துட்டீங்களா? இன்னும் சேத்தியாத்தோப்பு வரலையே, உக்காருங்க. உங்களைக் கேக்கணும். எத்தனை நாளா இருக்கு இந்தத் தொண்டை? விரலைக் காட்டுங்க. மூணா? மூணு நாளா? வாரமா?

மாசமா.

வீட்ல சொன்னீங்களா? தலைய இப்படியும் அப்படியும் ஆட்டாதீங்க சார், சொன்னீங்களா இல்லையா? அவங்களா கண்டுபிடிப்பாங்கன்னு இருக்காதீங்க. மஃப்ளரைப் பாத்து, கற்கண்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவாங்கன்னு இருக்காதீங்க. கூட இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. போயி, செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி, அவங்க டி.வி. பாத்துக்கிட்டிருந்தா அதை அணைச்சுட்டு, முன்னாடி உக்காந்து, வாயைத் திறந்து வலிக்குதுன்னு சொல்லுங்க. யாராவது ஒரு விரலைக் காட்டி இருன்னு சொன்னா, அந்த விரலைப் பிடிச்சு மடக்கிட்டுச் சொல்லுங்க.